படையினின்று மீண்டார்க்கும் உறுப்புக் குறைந்தார்க்கும் உழவு

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

படைத்தொழில் முடித்து ஊர் திரும்பியோரும், பிறவியாலோ நோயாலோ விபத்தாலோ உறுப்புக் குறை உற்றோரும் உழவுத் தொழிலால் பிழைக்குமாறு எங்ஙனம் என்பதே இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இவ்விரு திறத்தாரையும் ஒருங்கு வைத்துப் பேசுவது எற்றுக்கு என வினவுவாரும் உளராகலாம். காரணம் இரண்டு. போர்முனை சென்றாருள் கையோ காலோ இழந்து மீள்வோர் இரு திறத்தினும் அடங்குவர் என்பது ஒன்று. இவ்விரு திறத்தாரையும் ஊரார் ஒரே கண்கொண்டு நோக்குகின்றனர் என்பது மற்றொன்று. ‘இவன் உழைத்தது போதும், திண்ணையில் அமர்ந்து உண்ணட்டும்’ என்பர் ஒருவனை. ‘இவனால் என்ன ஆகும், திண்ணையில் அமர்ந்து உண்ணட்டும்’ என்பர் மற்றவனை. சொல் வேறாயினும் முடிவு ஒன்றே. இருவர்க்கும் திண்ணையே உரித்தாகின்றது.

இஃது எங்கோ நிகழும் செய்தியன்று. நம் குடும்பங்களிலே நிகழ்வது. இராணுவத்திற் சிப்பாயாகச் சேர்ந்தவன் பெரும்பாலும் நாற்பது வயதினை ஒட்டி ஓய்வு பெற்றுவிடுகின்றான். பிள்ளைகள் அப்பொழுதுதான் பள்ளியில் பயில்வர். 2022-ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய அக்னிபத் திட்டத்திற் சேர்வோர்க்கோ பணி நான்கே ஆண்டு. அவருள் 100-க்கு 25 பேர்க்கு மிகாமல் நிலையான பணியில் வைத்துக்கொள்ளப்பெறுவர். ஏனையோர் ஏறத்தாழ 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் சேவை நிதி பெற்று, ஓய்வூதியம் இன்றி, இருபத்தைந்து வயதிற்குள்ளோ அதனை ஒட்டியோ வீடு திரும்புவர். இவர்க்கு முன் நிற்கும் வாழ்நாள் இன்னும் ஐம்பது ஆண்டு. அதனைக் காவற்காரர் உடையில் கடைவாயிலில் நின்றே கழிக்க வேண்டுமோ? காவல் வேலை இழிவன்று. ஆயின் வேறு வழியே இல்லை என்னும் நிலை இரங்கத்தக்கது.

யாம் கூறவந்த கருத்தினை முதற்கண் சுருங்கக் கூறிவிடுகின்றோம். ஒருவனுக்கு நிலம் மட்டும் இருத்தல் உதவியாகாது. நிலத்தோடு பயிற்சியும், முதலும், உடற்கு ஏற்ற கருவியும், உடனிருந்து தாங்கும் துணையும் சேர்தல் வேண்டும். இந்நான்கும் இல்லாவிடின் அந்நிலமே அவனை விழுங்கிவிடும். இந்நான்கும் உளவாயின் கால் இழந்தவனும் உழவனாவான். இதற்குச் சான்றுகளை ஒவ்வொன்றாகக் காட்டுவோம்.

போர் செய்தார்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் நிலம் அளித்தல் தமிழகத்திற்குப் புதியதன்று. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் பட்ட வீரர்க்கு நடுகல் எடுத்த நம் முன்னோர், அவ்வீரனுடைய சுற்றத்தார்க்கு நிலம் விட்ட செய்தி கல்வெட்டுக்களிற் காணப்படுகின்றது. அந்நிலத்திற்கு ‘நெய்த்தோர்ப்பட்டி’ என்பது பெயர். நெய்த்தோர் என்பது குருதி. ‘உதிரப்பட்டி’ எனவும் அது வழங்கிற்று. குருதி சிந்தியவனது குடி பசித்திருத்தல் ஆகாது என்பது அவர் கண்ட அறம்.

மேனாட்டிலும் இவ்வழக்கம் பழமையானது. உரோமாபுரியில் கி.மு. 42-இல் நிகழ்ந்த பிலிப்பிப் போருக்குப் பின்னர், வென்ற தலைவர்கள் தம் படைஞர்க்கு நிலம் அளிப்பான் வேண்டி இத்தாலியின் பதினெட்டு நகரங்களைச் சார்ந்த விளைநிலங்களைப் பறித்தனர். ஒருவனுக்கு வாழ்வு தர மற்றொருவன் வாழ்வைக் குலைத்தனர். அத்தலைவருள் ஒருவராய்ப் பின்னர்த் தனியாட்சி செய்த அகஸ்டஸ், கி.மு. 30-இலும் 14-இலும் படைஞர்க்கு நிலம் அளித்தபோது விலை கொடுத்தே வாங்கினார். இத்தாலி நிலத்திற்கு மட்டும் ஏறத்தாழ 60 கோடி செஸ்டர்ஸ் நாணயம் தாம் செலவிட்டதாக எழுதிவைத்தார். கி.பி. 6-ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் படைஞர்க்கெனத் தனிக் கருவூலமே அமைத்து, அதில் 17 கோடி நாணயத்தைத் தாமே இட்டார். படைஞன் பிழைப்பு அரசின் கடன் என்பதனை அக்காலத்தவரே உணர்ந்திருந்தனர்.

ஆயினும் நிலம் தருவதோடு கடமை முடிந்ததெனக் கருதியோர் பட்ட பாட்டினை, நமக்கு மிக அணிமைக் காலத்து ஆஸ்திரேலியா தெளிவாகக் காட்டும். முதல் உலகப் போர் முடிந்து மீண்ட வீரர்க்கு அந்நாட்டரசுகள் நிலத்தைப் பகுத்துக் கொடுத்தன. ஏறத்தாழ 37,000 வீரர் இத்திட்டத்தின்கீழ்க் குடியேறினர். அவருட் பலர் நகரத்துத் தொழிலாளர். ஏரைக் கையால் தொட்டறியாதவர். பலர் குண்டுக் காயமும், நச்சுப்புகையாற் பழுதுற்ற நுரையீரலும், உறக்கம் கலைக்கும் போர்க்கால நினைவுகளும் உடையவர். கடன் வாங்கி வேலி இட்டனர். கடன் வாங்கி மாடு பிடித்தனர். பின்னர் விளைபொருளின் விலை விழுந்தது. குடும்பம் குடும்பமாக நிலத்தைவிட்டு வெளியேறினர்.

இதற்குக் காரணம் யாது என ஆராய்ந்து நீதிபதி பைக் என்பார் 1929-ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தார். அரசுகட்கு உற்ற இழப்பு 2 கோடியே 35 லட்சம் பவுண்டு எனக் கணக்கிட்டார். அவர் கண்ட காரணங்கள் நான்கு: குடியேறியவர்பால் முதல் இல்லை, ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான பரப்பில் நிலம் அளிக்கப்படவில்லை, குடியேறியவர் பலர் அத்தொழிலிற்குத் தகுதியும் பழக்கமும் இலர், விளைபொருளின் விலை வீழ்ந்தது. அன்பர்களே! இந்நான்கனுள் இறுதியது ஒன்றே மனிதர் கைக்கு அப்பாற்பட்டது. ஏனைய மூன்றும் முன்னரே எண்ணியிருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. வீரன் சோம்பியதால் விளைந்த கேடு அன்று அது; நிலத்தைக் கொடுத்துவிட்டு அவனைத் தனியே விட்டதால் விளைந்த கேடு.

இப்பாடத்தினைக் கற்றுக்கொண்டு வேறு வழியிற் சென்றதை இனிக் காண்போம். இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடு சான்றாகும். 2017-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட அந்நாட்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, 100 பயிர்த்தொழிலாளருள் 11 பேர் படையிற் பணிபுரிந்தவர் அல்லது பணிபுரிபவர். அவர்க்கு உதவுவதற்கு அந்நாட்டார் செய்த ஏற்பாடுகளை, யாம் மேற்கூறிய நான்கு தலைப்பிலும் அடக்கிக் காட்டலாம்.

முதலாவது பயிற்சி. ‘ஸ்கில்பிரிட்ஜ்’ என்னும் ஏற்பாட்டின்படி, படையினின்று விலகவிருப்பவன் தன் பணிக்காலத்தின் இறுதி 180 நாள்வரை, படைச் சம்பளம் பெற்றுக்கொண்டே வெளித்தொழில் ஒன்றைப் பயிலலாம். வேலை போன பின் தொழில் தேடாது, வேலை உள்ளபோதே தொழில் கற்பது இதன் சிறப்பு. மிச்சிகன் மாகாணப் பல்கலைக்கழகத்தார் ‘ஹீரோஸ் டு ஹைவ்ஸ்’ என்னும் பெயரால் மீண்ட வீரர்க்குத் தேனீ வளர்ப்புக் கற்பித்தனர். தேனீப் பெட்டியைத் திறப்பவன் பதறலாகாது. மூச்சினை அடக்கி மெல்லக் கையாளவேண்டும். போரால் மனம் கலங்கியவனுக்கு அத்தொழில் வருவாயோடு அமைதியும் பழக்குகின்றது.

இரண்டாவது முதல். அந்நாட்டு வேளாண்மைத் துறை 2013-ஆம் ஆண்டில் சிறுகடன் முறை ஒன்றைத் தொடங்கிற்று. முதலில் 35,000 டாலர் வரையும், பின்னர் 50,000 டாலர் வரையும், குறைந்த எழுத்து வேலையோடு கடன் கிடைத்தது. பெருங்கடனில் ஒருவனை ஆழ்த்தாது, சிறிது சிறிதாக வளரவிடுதல் இதன் நோக்கம்.

மூன்றாவது கருவி. இதன் வரலாறு மிக இனியது. முதுகுத்தண்டு அடிபட்டுக் கால் செயலற்ற உழவர் ஒருவர், தாம் மீண்டும் டிராக்டரில் ஏறி உழுமாறு எங்ஙனம் என இந்தியானா மாகாணத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தாரை வினவினார். அவ்வினாவிற்கு விடை காணப் புகுந்த பேராசிரியர் வில்லியம் பீல்டு என்பார் 1979-ஆம் ஆண்டில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். அதன் பயன் கண்டு 1990-ஆம் ஆண்டு வேளாண்மைச் சட்டத்தில் ‘அக்ரெபிலிட்டி’ என்னும் திட்டம் இடம்பெற்று, 1991 முதல் நடைபெறலாயிற்று. திட்டம் நடைபெறும் மாகாணங்களில் ஒரு வேளாண் பல்கலைக்கழகமும், உறுப்புக் குறையுடையார்க்கு உழைக்கும் ஓர் அறநிலையமும் கைகோத்து இதனை நடத்துவது முறை.

அவர்கள் செய்வது யாது? உழவனை அலுவலகத்திற்கு அழையாது, அவன் வயலுக்கே செல்கின்றனர். விடியல் முதல் இரவு வரை அவன் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுகின்றனர். எந்த வேலையில் எந்த அசைவு அவனால் இயலவில்லை என்று பார்க்கின்றனர். அவ்வோர் அசைவிற்கு மட்டும் மாற்று வழி தேடுகின்றனர். காலால் மிதிக்கும் கிளட்சும் பிரேக்கும் கையால் இயக்குமாறு மாற்றப்படுகின்றன. சக்கர நாற்காலியிலிருந்து ஆளைத் தூக்கி டிராக்டர் இருக்கையில் அமர்த்தும் ஏற்றப் பொறி பொருத்தப்படுகின்றது. கழுத்தைத் திருப்ப இயலாதவனுக்குப் பின்புறம் காட்டும் காமிரா வைக்கப்படுகின்றது. குனிய இயலாதவனுக்குப் பாத்தி இடுப்பளவு உயர்த்தப்படுகின்றது. களைக்கொத்தியின் காம்பு நீட்டப்படுகின்றது. மூட்டு வாதத்தால் கை மடங்காத முதியவனுக்குக் கருவியின் பிடி பருமனாக்கப்படுகின்றது. உழவனை ‘இயலாதவன்’ எனப் பெயரிட்டு ஒதுக்காமல், ‘இவனால் இயலாதது எவ்வளவு?’ என அளந்து அறிகின்றனர். இயலாதது ஒன்றாக, இயல்வது ஒன்பதாக இருப்பதை அங்ஙனம் அளந்தவரே காண்பர்.

நான்காவது துணை. கலிபோர்னியாவில் காய்கறிப் பயிர் செய்துவந்த மைக்கேல் ஓகார்மன் என்பார், ஈராக், ஆப்கானிஸ்தானப் போர்களிற் பட்டவருள் சிற்றூர்ப் பிள்ளைகள் மிகுதி என்பதை அறிந்து, மீள்பவரையேனும் வயலிற் சேர்ப்போம் என 2008-ஆம் ஆண்டினை ஒட்டி ஒரு சங்கம் கண்டார். ‘பார்மர் வெட்டரன் கோவலிஷன்’ என்பது அதன் பெயர். அச்சங்கம் புதிய உழவனைப் பழைய உழவனோடு சேர்த்துவைக்கின்றது. பணத்தைக் கையில் தாராது, வேண்டிய கருவியை விற்பவர்க்கே செலுத்தி வாங்கித் தருகின்றது. 2013-ஆம் ஆண்டில் கென்டக்கி மாகாணத்தில் தோன்றிய ‘ஹோம்குரோன் பை ஹீரோஸ்’ என்னும் முத்திரையை நாடெங்கும் பரப்பிற்று. மீண்ட வீரர் விளைத்த பண்டம் என்பதனை அம்முத்திரை வாங்குவார்க்கு அறிவிக்கும். விளைவித்தல் பாதி, விற்றல் பாதி அன்றோ?

‘அமெரிக்கா செல்வ நாடு, அங்கு இயலும், இங்கு இயலுமோ?’ எனச் சிலர் எண்ணலாம். அவர்க்குத் தாய்லாந்தினைக் காட்டுவோம். அந்நாட்டின் வடகிழக்கில் உள்ள உபோன் ராச்சத்தானியில், உலக உணவு வேளாண்மை நிறுவனமும் அந்நாட்டரசும் கூடி, உறுப்புக் குறையுடைய சிற்றூர் மக்கட்குக் காளான் வளர்ப்புக் கற்பித்தன. காளானுக்குப் பரந்த நிலம் வேண்டா. பெரும் பொறி வேண்டா. கீற்றுக் கொட்டகையும் மரத்தூளோ வைக்கோலோ இருந்தாற் போதும். நடக்க இயலாதவர் அமர்ந்தவாறே பைகளை நிரப்பலாம். கண் காணாதவர் விரலாலே தொட்டுப் பறிக்கும் பருவம் அறியலாம். செல்வம் அன்று முதலில் வேண்டுவது. வேலையைப் பகுத்துப் பார்க்கும் அறிவே.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இங்கே சட்டம் பின்தங்கி நிற்கவில்லை. பழைய தரும சாத்திர வழக்கில் பிறவிக் குருடர், செவிடர், ஊமையர் முதலியோர் குடும்பச் சொத்தில் பங்கு பெறுதற்கு உரியரல்லர் என விலக்கப்பட்டிருந்தனர். 1928-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விலக்கினைப் பெரும்பாலும் நீக்கிற்று. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, நோயோ குறையோ உருத்திரிபோ பற்றி எவரையும் வாரிசுரிமையினின்று விலக்கலாகாது என வகுத்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேற்சென்றது. அரசுத் திட்டங்களில் விளைநிலமும் வீடும் வழங்குங்கால், சட்டம் குறித்த அளவுக்குக் குறையுடையார்க்கு 100-க்கு 5 ஒதுக்கவேண்டும் என அதன் 37-ஆம் பிரிவு கூறுகின்றது. அவருள்ளும் பெண்டிர்க்கு முதன்மை தரப் பணிக்கின்றது.

சட்டம் இங்ஙனம் இருக்க, நம் வீடுகளில் நடப்பது யாது? பேச்சற்ற தம்பியின் பங்கினைத் தமையன் தன்பெயரில் எழுதிக்கொண்டு, ‘யான் உள்ளவரை அவனுக்குச் சோறு உண்டு’ என்கின்றான். அவன் உள்ளவரை சரி, அவனுக்குப் பின்? காலிழந்த தங்கையின் விடுதலைப் பத்திரத்தில் கைந்நாட்டு வாங்குகின்றார்கள். இதனைச் செய்வோர் கொடியவரல்லர், அன்புடையாரும் செய்கின்றனர். ‘அவனால் என்ன செய்ய முடியும்?’ என்னும் ஒரு சொல்லே அன்புடையாரையும் அறம் பிறழச் செய்கின்றது. ஒருவனுக்குச் சோறு போடுவது தயை. அவன் பங்கினை அவனுக்கு விடுவது நீதி. நீதியைப் பறித்துக்கொண்டு தயை செய்வது அறமாகாது.

ஓய்வு பெற்ற வீரனுக்கு நேரும் இடர் வேறு வகையது. அவன் கையிற் பெருந்தொகை ஒருங்கே வருகின்றது. பதினேழு ஆண்டு வயலைவிட்டு விலகியிருந்தவன், ஊர் வந்த மூன்றாம் மாதமே ஆழ்துளைக் கிணறு இடுகின்றான். முதற்கிணறு பொய்த்தால் வீம்பினால் இரண்டாவது இடுகின்றான். பின்னர்க் கையிற் பணமும் இல்லை, வயலில் நீரும் இல்லை. ஆஸ்திரேலிய நாட்டில் அரசு செய்த பிழையினை இவன் தன் செலவிலேயே செய்கின்றான். படையிற் கற்ற ஒழுங்கும், பொறி கையாளும் திறனும், விடியலில் எழும் பழக்கமும் உழவிற்குப் பேருதவி. ஆயினும் அவை பயிரறிவாகா. மண்ணையும் மழையையும் சந்தையையும் மீண்டும் ஒருமுறை மாணவனாக நின்று கற்றல் வேண்டும்.

அவ்வாறு கற்பிப்பார் இல்லையோ எனின், உளர். இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ஆம் ஆண்டில் தோன்றியது நமக்கு அணித்தாகிய புதுச்சேரியிலேயே. இன்று தமிழ்நாட்டு மாவட்டங்களில் அத்தகைய நிலையங்கள் பரவியுள்ளன. நாற்றுப்பண்ணை, காளான், தேனீ, கறவை மாடு, கோழி ஆகியன பற்றிய பயிற்சி ஆண்டு முழுதும் அவற்றில் நிகழ்கின்றது. முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்களும் மாவட்டங்களில் உள்ளன. வாயில் திறந்திருக்கின்றது, உள்ளே புகுவார்தாம் சிலர்.

ஒன்று கூறி எச்சரித்தல் எம் கடன். ‘மண்ணைத் தொட்டால் மனநோய் போகும்’ எனச் சிலர் உவந்து பேசுவர். வயல் வேலை மனத்திற்கு நலந்தரும் என்பது உண்மை. ஆயினும் உழவு மருந்தன்று. கடனும் வறட்சியும் வலிய மனத்தையும் உடைக்க வல்லன. உறக்கம் இழந்து வருந்தும் வீரனுக்கு மருத்துவர் உதவி முதலில் வேண்டும், வயல் பின்னர். அவ்வாறே, எல்லா வீரரும் எல்லாக் குறையுடையாரும் உழவராகவேண்டும் என்பதும் எம் கருத்தன்று. விரும்பியவனுக்கு வழி அடைபடலாகாது என்பதே எம் கருத்து.

இனி நம் சங்கம் செய்யத்தக்கவை ஐந்து எனச் சபையோர் முன் வைக்கின்றோம்.

ஒன்று: ஒவ்வோர் ஊரிலும் உள்ள ஓய்வு பெற்ற வீரர், குறையுடையார் பெயர்களைக் கிளைச் சங்கத்தார் எழுதி, அவரவர் விருப்பத்தைக் கேட்டறிக. கேளாமலே முடிவு செய்தல் கூடாது.

இரண்டு: உழவில் இறங்க விரும்பும் வீரனை, ஓராண்டேனும் தேர்ந்த உழவர் ஒருவரோடு சேர்த்துவைக்க. அவ்வோராண்டு முடியும்வரை அவன் தன் ஓய்வுத் தொகையினை மண்ணில் இடாதிருக்க.

மூன்று: கருவி வேண்டுமெனில் அமெரிக்காவை நோக்கவேண்டா. நம் ஊர்க் கொல்லரும் தச்சரும் வெல்டிங் பட்டறையாரும் கைதேர்ந்தவர். குறையுடையவனை அவர்முன் அமர்த்தி, ‘இவ்வோர் அசைவு இயலவில்லை, இதற்கு என் செய்யலாம்?’ என வினவுக. அச்செலவினைச் சங்கம் ஏற்க.

நான்கு: இவர்கள் விளைத்த பொருளை நம் திருமணங்கட்கும் விழாக்கட்கும் முதலில் வாங்குக. இலவசமாகத் தரும் நூறு ரூபாயினும், விலையாகத் தரும் ஐம்பது ரூபாய் அவன் தலையை நிமிர்த்தும்.

ஐந்து: பாகப்பிரிவினை பேச நம் பெரியோரை அழைக்குங்கால், குறையுடைய பிள்ளையின் பங்கு அவன் பெயரிலோ அவள் பெயரிலோ எழுதப்பட்டதா என்று முதற்கண் கேட்க. எழுதப்படாத பத்திரத்தில் நம் பெரியோர் எவரும் சாட்சிக் கையெழுத்து இடாதிருக்க.

இவ்வைந்தனுள் நான்கிற்குப் பொருளும் காலமும் வேண்டும். ஐந்தாவதற்கு மன உறுதி ஒன்றே வேண்டும். ஆதலின் அதனை நாளையே தொடங்கலாம். நெய்த்தோர்ப்பட்டி விட்ட முன்னோர், பட்டவனின் குடிக்கு நிலம் கொடுத்தனர். நாம் உயிரோடு மீண்டவனுக்கும், உயிரோடு நம் நடுவே இருப்பவனுக்கும் உரிய நிலத்தை உரியவனிடம் விட்டு, அதனை ஆள அவனுக்குத் துணை நிற்போமாக.